முதல் மூன்று கட்டத்து அழுக்கு

மார்ச் 4

சின்னி,

போனில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது பார், மீதியில் என்ன இருக்கிறதென்று மண்டை குடையும்.

மாடி அறையை வாடகைக்கு விடப் போகிறேன். நீயும் இல்லை, உன் வீட்டுக்காரனும் இல்லை, இத்தனை மாதமாகப் பூட்டி வைத்து யாருக்கு லாபம்? அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பின அன்று நான் "நல்லதாப் போச்சு, விடு"ன்னு சொன்னேன். அதற்குக் கோபித்துக்கொண்டு அடுத்த வாரமே நீயும் கிளம்பிவிட்டாய். அந்த வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கொள்வதாக இல்லை. அதைப் பற்றிப் பேச இந்தக் கடிதமும் இல்லை.

நேற்று அறையைத் திறந்தேன். ஜன்னலைத் திறக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றேன். கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டால் ஏதோ பெரிதாகத் தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தால் அவனுடைய கிட்டார். ஏற்கெனவே யாரோ போட்டு அடித்ததை வாங்கிவந்தவன், தானும் போட்டு அடித்துவிட்டு, இப்போது என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். உறையின் ஜிப் துருவேறி நகரவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினேன். உள்ளே பாச்சை முட்டை, பாச்சைக் கால், ஒரு முழுப் பாச்சை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

அந்தக் கழுத்து இருக்கிறதே, விரலை வைத்து அழுத்துகிற பலகை, அதைப் பார்த்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நான் யார் என்று உனக்குத் தெரியும். பல் டாக்டரிடம் வேலை. ஊரார் பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பதுதான் என் பிழைப்பு. வாயைத் திறந்ததும் டாக்டரம்மாவே ஒரு அடி பின்னால் போகிற வாய்களில் நான் கை விட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நானே இந்தப் பலகையைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனேன். கம்பிகள் துருப்பிடித்து, தொட்டால் விரலில் செங்கல் பொடி மாதிரி ஒட்டுகிறது. பலகைக்குக் குறுக்கே பதித்திருக்கும் பட்டைக் கம்பிகளின் ஓரமெல்லாம் பச்சை பூத்திருக்கிறது. தலைப்பக்கத்தில் அந்தப் பட்டைகளுக்கு இடையே உள்ள கட்டங்களில் மரமே தெரியவில்லை. கறுப்பா, பழுப்பா என்று சொல்ல முடியாத ஒரு பிசுக்கு. நகத்தால் கீறிப் பார்த்தேன், மெழுகு மாதிரி சுருண்டு வந்தது. அந்த நகத்தை அப்புறம் எத்தனை தடவை கழுவினேன் என்று எண்ணவில்லை. ராத்திரி சாப்பாட்டையும் ஸ்பூனால்தான் சாப்பிட்டேன்.

மனுஷனுடைய விரலிலிருந்து இவ்வளவு வழியுமா? வேர்வை, தலை எண்ணெய், செத்த தோல், எதையோ தின்றுவிட்டுக் கழுவாத கை. இதோடுதான் நம் கச்சேரி வித்வான் நாள் முழுக்கப் பயிற்சி செய்தானாம். நீ வேலைக்குப் போய் உழைத்துக் கொட்டினாய், அவன் உட்கார்ந்து அழுக்கு சேர்த்திருக்கிறான்.

அப்படியே தூக்கிக் குப்பையில் போடத்தான் நினைத்தேன். பக்கத்துத் தெரு டிரைவிங் ஸ்கூல்காரர் ஒருத்தர், கிட்டார் கற்றுக்கொள்ள ஆசை, பழசு கிடைத்தால் போதும் என்று எங்கள் கிளினிக்கில் பல் காட்ட வந்தபோது சொன்னார். சுத்தம் செய்து அவருக்குக் கொடுத்துவிடப் போகிறேன். உனக்கு ஆட்சேபம் இருக்காது என்று தெரியும். இருந்தாலும் கேட்கவில்லை என்று நாளைக்கு நீ சொல்லக்கூடாது. கேட்டுவிட்டேன்.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

ஆட்சேபம் இருக்கிறது.

அதைச் சுத்தம் செய்ய வேண்டாம். யாருக்கும் கொடுக்க வேண்டாம். உறையை வெட்டிவிட்டாய், போகட்டும். ஒரு பழைய போர்வையில் சுற்றி, எடுத்த இடத்திலேயே வை. நானே ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன். கொஞ்ச நாள் ஆகும்.

அறையை வாடகைக்கு விடுவது உன் இஷ்டம், உன் வீடு. ஆனால் திறப்பதற்கு முன்னால் கேட்டிருக்கலாம். திறந்து, துழாவி, வெட்டி, நகத்தால் கீறியும் பார்த்துவிட்டு "கேட்டுவிட்டேன்" என்கிறாய்.

காரணம் கேட்பாய். இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். இப்போதைக்கு இவ்வளவுதான்.

அதைத் தொடாதே என்று சொல்கிறேன், அது போதாதா?

சின்னி


மார்ச் 13

சின்னி,

போதாது.

"தொடாதே, நானே ஆள் அனுப்புகிறேன்." எந்த ஆள்? எனக்கென்ன காது குத்தியாகவில்லையா? அவன் எங்கிருந்தோ உனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான், என் கிட்டார் வேண்டும் என்று. நீயும் பல்லை இளித்துக்கொண்டு அனுப்பிவைக்கப் போகிறாய். அப்புறம் கிட்டாருக்குப் பின்னால் அவன் வருவான். அவனுக்குப் பின்னால் அவன் அழுக்குச் சட்டை வரும். மறுபடி நீ சோறு போடுவாய். நினைக்கவே அருவருப்பாக இருக்கிறது.

உன் கடிதம் வருவதற்குள் பாதி வேலையை முடித்துவிட்டேன். அதனால் "தொடாதே" என்று நீ சொல்வதற்கு அர்த்தமும் இல்லை. இசைக்கருவிக் கடையில் விசாரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். கடைக்காரர் கிட்டாரின் போட்டோவைப் பார்த்து முகத்தைக் கோணிக்கொண்டார். "தண்ணி மட்டும் விட்டுடாதீங்கம்மா, மரம் ஊதிடும். முதல்ல சுரண்டுங்க. அப்புறம் மெல்லிசா இரும்பு நார் விக்குது, அதால தேயுங்க. வயித்துல இருக்கிற ஓட்டையை பேப்பர் வெச்சு ஒட்டிடுங்க, இல்லேன்னா தூளெல்லாம் உள்ள போயிடும். கடைசியா எண்ணெய்." அப்புறம் கொஞ்சம் யோசித்து, "யாரு வாசிச்சது?" என்றார். எனக்குத் தெரிந்தவர் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

கிளினிக்கில் முனை மழுங்கிவிட்டதென்று தூக்கிப்போடச் சொன்ன பல் சுரண்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. கையுறை, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு, கொல்லைப்பக்கம் பேப்பரை விரித்து உட்கார்ந்தேன். கம்பிகளை வெட்டி எறிந்தேன். பட்டைக் கம்பியின் ஓரத்தில் சுரண்டியை வைத்து இழுத்தால் நூல் நூலாக வருகிறது. பல் காரை இறுகிப் போயிருக்கும், சில்லாகத் தெறிக்கும். இது அப்படித் தெறிக்கவில்லை, இழுபட்டது. உள்ளே மஞ்சளாக ஏதோ கொழுப்பு, அதில் பொடிப்பொடியாக வெள்ளைச் செதில். செதில்தான், மீனைச் சுரண்டினால் வருமே அந்த மாதிரி, அதைவிடப் பொடியாக. முகமூடியையும் தாண்டி ஒரு வாடை வந்தது. ரோடு போடுகிற இடத்தைக் கடந்து போனால் அடிக்குமே, அந்தத் தார் வாடை. தலைக்கு என்னத்தைத் தடவினானோ, மகானுபாவன். எழுந்து போய் இரண்டு தடவை காறித் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

பேப்பரில் சேர்ந்ததைப் பார்த்தால் ஒரு கைப்பிடி இருக்கும். ஒரு ஆளின் உடம்பை உட்கார்ந்து வழித்தெடுத்த மாதிரி இருந்தது.

இப்போது நான் சொல்லப்போவதை நன்றாகக் கவனி. நீ இத்தனை வருஷம் ஏமாந்ததற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது. அந்த அழுக்கு முதல் மூன்று கட்டத்தில் மட்டும்தான். நான்காவதில் லேசாக, ஐந்தாவதிலிருந்து வெறும் தூசி. ஊதினால் போய்விட்டது, அடியில் மரம் புதுசு மாதிரி இருக்கிறது. கடைக்காரரிடம் மறுபடி போய்க் கேட்டேன். "ஆரம்பப் பாடம் அங்கேதாம்மா. நாலஞ்சு பாட்டை மட்டும் திரும்பத் திரும்ப வாசிச்சிருப்பாங்க" என்றார். புரிகிறதா? மேடை ஏறப் போகிறேன், பெரிய இடத்திலிருந்து கூப்பிடுவார்கள் என்று உன் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிட்டானே, அவன் அந்தப் பலகையில் பாதிகூடத் தாண்டவில்லை. வருஷக்கணக்கில் அதே மூன்று கட்டத்தில் முட்டி மோதியிருக்கிறான். அந்தச் செத்த ஆட்டுச் சத்தத்துக்குத்தான் நான் துடைப்பக்கட்டையால் மேல்கூரையை இடித்துக்கொண்டே இருந்தேன்.

சுத்தமான பிறகு அதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று கட்டம் முடிந்தது. மீதியில் இரும்பு நார் வேலைதான் பாக்கி.

டிரைவிங் ஸ்கூல்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். கொடுத்துவிடுவேன். வேண்டாம் என்றால் காரணத்தை எழுது. கிழித்துப்போடாமல் எழுது.

அக்கா


மார்ச் 17

அக்கா,

கிழித்துப்போடாமல் எழுதுகிறேன்.

நீ சுரண்டியது என் தோல்.

அந்தத் தார் வாடை என் களிம்பு. அந்த மஞ்சள் கொழுப்பும் அதுதான். ஆஸ்பத்திரி சலவையகத்தில் ப்ளீச்சில் முக்கி முக்கி என் கை வெடித்து உரிந்துகொண்டிருந்ததே, அந்தக் கைக்குப் போட்டது. ஒரே வீட்டில் இருந்தும் உனக்கு அந்த வாடை அடையாளம் தெரியவில்லை பார். தெரியாது. களிம்பு டப்பா கீழே வரக்கூடாது என்று நீதான் சொன்னாய். என் கைக்குப் பக்கத்தில் ஒரு நாளாவது உன் மூக்கு வந்திருந்தால், முதல் இழுப்பிலேயே யாருடையது என்று தெரிந்திருக்கும்.

அவர் அதை வாங்கினார், உண்மை. விரல் நுனி வலிக்கிறதென்று அந்த மாதமே சுவரில் சாய்த்துவிட்டார். அப்புறம் அதைத் தொட்டதெல்லாம் நான்தான். வேலை முடிந்து வந்து, களிம்பு போட்டுக்கொண்டு, அது காய்கிற நேரத்தில் வாசிப்பேன். காயும்வரை சும்மா இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சும்மா இருந்தால் சொறியத் தோன்றும். கம்பியை அழுத்தினால் அரிப்பு தெரியாது. அப்படித்தான் ஆரம்பித்தது. புத்தகமும் கிடையாது, சொல்லிக்கொடுக்க ஆளும் கிடையாது. அதனால்தான் மூன்று கட்டம். மூன்றைத் தாண்ட எனக்குத் தெரியாது.

நீ துடைப்பக்கட்டையால் இடித்ததெல்லாம் என்னைத்தான். செத்த ஆடு நான்.

"அது நான்தான்" என்று அப்போதே சொல்லியிருக்கலாமே என்பாய். சொன்னால் நீ என் கையைப் பார்ப்பாய். பார்த்ததும் உன் மேலுதடு ஒரு பக்கமாக ஏறும். அது ஏறுவது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எனக்குத் தனி சோப்பு, தனித் துண்டு, தனி டம்ளர். நான் காய் நறுக்க வந்தால் "நீ போய் உக்காரு, களைச்சுப் போய் வந்திருக்கே"ன்னு கத்தியைப் பிடுங்கிக்கொள்வாய். வெளியிலிருந்து பார்த்தால் என்ன பாசம்! இது அடுத்தவர்களுக்கு ஒட்டாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை உன்னிடம் காட்டினேன். "சரி சரி, எதுக்கும் இருக்கட்டும்"னு சொல்லிவிட்டு, அந்தச் சீட்டையே நுனியில்தான் பிடித்தாய். ஊரார் வாயில் எல்லாம் கை விடுகிறவள், அக்கா நீ. அவர்கள் யாரென்று பெயர்கூட உனக்குத் தெரியாது. கூடப் பிறந்தவள் கையைத் தொட உனக்கு முடியவில்லை. எனக்கு உன் மேல் இருப்பது கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிகிறது, எனக்கும் அருவருப்புதான்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாசிப்பது அவர்தான் என்று நீ நினைத்தாய், அவரும் அப்படியே விட்டுவிட்டார். அவருக்கு அது சௌகரியம். சும்மா படுத்திருப்பவன் என்பதைவிட மோசமாக வாசிப்பவன் என்ற பெயர் கொஞ்சம் மேல் அல்லவா? அவர் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. என் கையைப் பிடிக்க அவருக்கும் மனசு வரவில்லை. இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். கிட்டாரைக் கேட்டது எனக்காக. கிளம்பும்போது எடுத்தால் அது உனக்கெதற்கு என்று நீ கேட்பாயே என்றுதான் விட்டுவிட்டு வந்தேன்.

இங்கே தையல் ஆலையில் துணி மடிக்கிற வேலை. தண்ணீரில் கை வைக்க வேண்டியதில்லை, கை பரவாயில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் பெரியவர்களுக்கு என்றே ஒரு கிட்டார் வகுப்பு நடத்துகிறார்கள், ஞாயிறு காலையில். சொந்தக் கிட்டார் இருந்தால்தான் சேர்ப்பார்களாம். ஏப்ரலில் ஆரம்பம். பெயர் கொடுத்துவிட்டேன். எனக்காக நான் ஆசைப்பட்டு எங்கேயாவது பெயர் கொடுத்தது இதுதான் முதல் தடவை. அந்தக் கிட்டார் கிடைக்காவிட்டால் இந்தத் தடவை சேர முடியாது. அடுத்த தடவை எனக்குத் தைரியம் இருக்குமா, தெரியாது.

இது உன் கைக்கு வரும்போது ஞாயிறு போயிருக்கும். கொடுத்திருப்பாய்.

சின்னி


மார்ச் 24

சின்னி,

கொடுத்திருந்தேன். திரும்ப வாங்கிவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ மூச்சை விடு. இன்று காலை பார்சல் சர்வீஸில் போட்டாகிவிட்டது. சீட்டு இதோடு இருக்கிறது.

எப்படி வாங்கினேன் என்பதை எழுதத்தான் பேனா நகரவில்லை. நீயும் கிழிக்காமல் எழுதினாய், நானும் கிழிக்காமல் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை கிளினிக்கில் வைத்துத்தான் படித்தேன். அப்புறம் நாற்காலியில் ஒரு பெரியவர் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார், நான் சுரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேனாம். டாக்டரம்மா "என்னாச்சு, உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வீட்டுக்குப் போகவில்லை. நேராக டிரைவிங் ஸ்கூல்காரர் வீட்டுக்குப் போனேன்.

அவர் பனியனோடு கிட்டாரை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். புதுக்கம்பி போட்டுவிட்டார், ஆசைதான். அவர் மனைவி என்னை உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நல்ல மாதிரி. நான் நேராகத்தான் கேட்டேன், தெரியாமல் கொடுத்துவிட்டேன், அது என் தங்கையுடையது, திருப்பிக் கொடுங்கள், நீங்கள் கொடுத்த பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று. அவர் சிரித்தார். "அதெப்படிங்க? கொடுத்தது கொடுத்ததுதான். நான் பேர்கூட வெச்சுட்டேன்" என்றார். எவ்வளவு சொல்லியும் மனுஷன் பிடியை விடவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், குழந்தை மாதிரி.

எனக்கு ஒரு வழி தெரிந்தது. ரொம்பச் சுலபமான வழி. "என் தங்கச்சிக்குக் கையில தோல் வியாதி. உரிஞ்சு உரிஞ்சு கொட்டும். அந்தக் கையாலதான் அதை வாசிச்சா. உங்ககிட்ட சொல்லாமக் கொடுத்துட்டேன், மனசு கேக்கல" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, அந்த அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே. மேலுதடு ஒரு பக்கமாக ஏறியது.

"ஐயோ, கீழ வைங்க அதை! முகத்தைத் தொடாதீங்க! எழுந்திருங்க, வந்து கையைக் கழுவுங்க!" அத்தனை பெரிய ஆளை முழங்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தினார். சுடுதண்ணீர், பாத்திரம் தேய்க்கிற சோப்பு. அவர் "ஸ்ஸ், சுடுது" என்கிறார், இந்த அம்மா விடவில்லை. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு வந்து, கிட்டாரைக் கழுத்தோடு தூக்கி, வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். பையைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் எறிந்தார்.

அதோடு விட்டிருந்தால்கூட, வந்த காரியம் முடிந்ததென்று எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். அந்த அம்மா என்னைப் பார்த்து, "அவங்க உங்க கூடவேதான் இருந்தாங்களா?"ன்னு கேட்டார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. கேட்டுக்கொண்டே, நான் தண்ணீர் குடித்த டம்ளரை இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்து எடுத்துப்போய், மற்றப் பாத்திரத்தோடு சேராமல் தனியாக வைத்தார்.

சின்னி, நான் கத்திவிட்டேன்.

"ஒட்டாதுங்க அது! ஒட்டாது! டாக்டரே எழுதிக் கொடுத்திருக்காரு! பகல் முழுக்க ஆஸ்பத்திரித் துணி துவைச்ச கைங்க அது, ப்ளீச் பட்டு வெடிச்ச கை. என் தங்கச்சி கை. நீங்க எப்படி இப்படிப் பண்ணலாம்?"

அந்த அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "ஒட்டாதுன்னா நீங்க ஏன் அதைச் சொல்ல இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அவர் செய்ததில் நான் செய்யாதது ஒன்றுகூட இல்லை. அவராவது ஒரு நாள் செய்தார், முன்பின் தெரியாத ஒருத்திக்காக. டிரைவிங் ஸ்கூல்காரர் கையைச் சிவக்கச் சிவக்கத் துடைத்துக்கொண்டு வந்து, "விடுங்க, எடுத்துட்டுப் போங்க" என்றார். அவருக்குத்தான் கஷ்டமாக இருந்தது. செருப்புக்குப் பக்கத்திலிருந்து அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்தில் யாராவது உட்கார வந்தால் சண்டை போடுவேன் போல இருந்தது, எதற்கென்று எனக்கே தெரியவில்லை. என்னை நினைத்து எனக்கே குமட்டியது. அதைச் சுரண்டும்போதுகூட அப்படிக் குமட்டவில்லை.

ஒன்றை மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து, அவர் போட்ட கம்பிகளைத் தளர்த்திவிட்டு, கொடுக்கிற அவசரத்தில் விட்டுப்போன மீதிக் கட்டங்களைத் தேய்த்தேன். எண்ணெய் போட்டேன். அந்த மூன்று கட்டத்தில் விரல் வைத்தபோது எனக்கு இன்னும் உடம்பு கூசியது. உன்னுடையது என்று தெரிந்தும் கூசியது. போய்விட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் போகவில்லை. பல வருஷம் ஊறியது, ஒரு கடிதத்தில் போகுமா? ஆனால் இனிமேல் அது என் கோளாறு, உன் கையின் கோளாறு இல்லை. இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

மாடி அறையை வாடகைக்கு விடவில்லை. ஆள் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்.

அக்கா


மார்ச் 30

அக்கா,

கிட்டார் வந்து சேர்ந்தது. நன்றாகச் சுற்றியிருந்தாய். அந்தப் பலகையைப் பார்த்ததும் வேறு யாருடையதையோ மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். அவ்வளவு கறுப்பாக, வழவழவென்று இருக்கிறது. இவ்வளவு நல்ல மரம் அது என்று எனக்குத் தெரியாது. வேலை சுத்தம். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் கையைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாய். அந்த வரியைப் படித்தபோது கிட்டாரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பத் தோன்றியது. உனக்குத் தெரிந்த ஒரே சுலப வழி என் கைதானா? அறையில் கூட இருக்கிற பெண் "என்ன லெட்டர்"னு கேட்டாள். எழுந்து வெளியே போய் நின்றேன்.

அப்புறம் உள்ளே வந்து மீதியைப் படித்தேன். அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஒட்டாது, என் தங்கச்சி கை என்று நீ கத்தினாய் என்கிறாய். எப்படிக் கத்தியிருப்பாய் என்று என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

எத்தனை வருஷமாக "ஒட்டாது" என்கிற அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தேன் தெரியுமா? நீ அதை அவர்களிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் இன்னும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு பதினோரு மணிக்கு முடியும். கூசினால் கூசட்டும். போனிலும் சொல்லாதே, கடிதத்திலும் எழுதாதே. வந்து, என் எதிரில் உட்கார்ந்து சொல்.

சின்னி